கீழே ஐஸ், மேலே சூடு: பிறிஜ்ஜின் பழுதை வீட்டில் அறிந்துகொள்ளல்

வன்னியில் ஒரு கிராமத்தில் யோகட் செய்து விற்றுச் சீவியம் நடத்தும் குடும்பப் பெண் ஒருவரை எமக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பிப்போன உறவினர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பிறிஜ் ஒன்று அவரிடம் இருக்கின்றது. பாலும் மரக்கறியும் வைக்கும் பகுதி மேலே, இழுப்பறைகள் கொண்ட ஐஸ் பகுதி கீழே என்று அமைந்த பெட்டி அது. ஒரு நாட் காலை திறந்து பார்த்தபோது மேற்தட்டுக்களில் இருந்த அறுபது கப் யோகட்டும் புளித்து நீர் விட்டிருந்தன. மாமியாருடைய இன்சுலின் மருந்தும் அதே தட்டில்தான் இருந்தது. ஆனால் கீழே மீன் கல்லுப்போல உறைந்து கிடந்தது.

பெட்டியை லான்ட்மாஸ்ரரில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டு போனார்கள். அது இரண்டு நாள் கடையில் கிடந்தது. "காஸ் போயிட்டுது" என்று சொல்லிப் புதிதாக நிரப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டியதும் மேலும் கீழும் நன்றாகவே குளிர்ந்தது. பன்னிரண்டாம் நாள் மேலே மறுபடியும் சூடு. மீண்டும் லான்ட்மாஸ்ரர், மீண்டும் காஸ், மீண்டும் இரண்டு கிழமை. யோகட் விற்ற காசு முழுவதும் அந்த வழியே போயிற்று. உண்மையில் அப்பெட்டியில் காஸ் ஒரு நாளும் குறையவில்லை. கடையில் சும்மா கிடந்த அந்த இரண்டு நாட்களே பெட்டியைச் சுகப்படுத்தின. அது எப்படி என்பதை விளங்கிக்கொண்டால் இந்த வகைப் பிறிஜ்ஜின் பழுதுகளிற் பெரும் பகுதியை வீட்டிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

குளிர் மேலே ஏறும் விதம்

குளிர்ந்த காற்று பாரமானது, கீழே இறங்கும். ஐஸ் பகுதி மேலே உள்ள பழைய பெட்டிகளில் அங்கிருந்து குளிர் தானாகவே கீழே வரும். ஐஸ் பகுதி கீழே இருக்கும்போது குளிரை யாராவது மேலே தள்ளிவிட வேண்டும். அந்த வேலையை ஒரு சிறிய விசிறி செய்கின்றது.

கீழ் இழுப்பறைகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பின்பக்கத்தில் பிளாஸ்ரிக் அல்லது தகர மறைப்பு ஒன்று தெரியும். அதன் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் செறிந்த குளிர்ச்சுருள் இருக்கின்றது. அதற்கு மேலே விசிறி. விசிறி காற்றை அந்தத் தகடுகளுக்கிடையால் இழுத்து ஒரு பங்கை ஐஸ் பகுதிக்கும், மற்றப் பங்கைப் பின்சுவரில் உள்ள வழியூடாக மேற்பகுதிக்கும் அனுப்புகின்றது. மேற்பகுதியின் பின்சுவரில் காணப்படும் துவாரங்கள் இக்காற்று வெளிவரும் வாசல்களாகும். ஆக, இவ்வகைப் பெட்டியில் மேலும் கீழும் குளிர்வதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குளிர்ச்சுருள்தான் உண்டு. இரண்டுக்கும் தனித்தனிச் சுருள் வைத்த பெட்டிகளும் இப்போது வருகின்றன என்றாலும் நமது வீடுகளில் அவை குறைவு.

எங்கள் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போய் அந்தத் தகடுகளில் வெண்பனியாகப் படியும். அதை உருக்குவதற்கு, சுருளின் அடியில் ஒரு ஹீற்றர் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஓரிரு தடவை கொம்பிறசர் நின்று, ஹீற்றர் சிறிது நேரம் சூடாகிப் பனியை உருக்கும். உருகிய நீர் வடிகுழாய் வழியே பின்னால் இறங்கிக் கொம்பிறசருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, கொம்பிறசரின் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

ஹீற்றர் எரிந்துபோனால், அல்லது அதை இயக்கும் சிறு சுவிச்சோ நேரக்கருவியோ பழுதானால் பனி உருகாது. நாளுக்கு நாள் படிந்து தகடுகளுக்கிடையே உள்ள வெளியை அடைத்துவிடும். அப்போது விசிறி சுழன்றாலும் காற்று போக இடமில்லை. கீழ்ப்பகுதி சுருளுக்கு அருகே இருப்பதால் ஐஸ் இன்னும் சில நாட்களுக்கு இறுகியே இருக்கும். தூரத்தில் உள்ள மேற்பகுதிதான் முதலில் சூடாகும். இந்த நிலையில் பெட்டியை நிற்பாட்டி ஒன்றிரண்டு நாள் வைத்தால் பனி முழுவதும் தானாகவே உருகிவிடும். பின்னர் பூட்டியதும் புதுப்பெட்டிபோல வேலை செய்யும். பத்து நாளோ இரண்டு கிழமையோ கழிந்து பனி திரும்பவும் அடைக்கும். மேலே கூறிய குடும்பத்தில் நடந்தது இதுவே.

காஸ் உண்மையாகவே போனால் கதை வேறு. அப்போது கீழ்ப்பகுதியும் தளரும். ஐஸ்பழம் குழையும், மீன் விரலால் அமத்தினால் அமியும், கொம்பிறசர் இரவு பகலாக ஓயாமல் ஓடும். ஆகவே கீழே கல்லு, மேலே சூடு என்றால் காஸைப் பற்றிக் கதைக்க முன்னர் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். விசிறியே இல்லாத, கீழ்த்தட்டுக்களிலேயே குளிர்க்குழாய்கள் ஓடும் பெட்டிகளும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய பெட்டிகள் பல இவ்வகை. ஐஸ் பகுதியின் சுவரிலும் தட்டிலும் பனி வெளிப்படையாகப் படிந்தால் அது விசிறியற்ற வகை என்று அறியலாம். அவற்றில் காஸ் குறையும்போது ஒரு பகுதி முதலிலும் மற்றது பின்னரும் சூடாகக்கூடும். எனவே மேலே சொன்ன விதி விசிறி உள்ள பெட்டிக்கே பொருந்தும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

முதலில் மேற்தட்டுக்களைப் பாருங்கள். பின்சுவரின் துவாரங்களோடு ஒட்டியபடி பெரிய சோற்றுப் பானையோ கறிச்சட்டியோ பொலித்தீன் பையோ இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். நான்கு விரல் இடைவெளி விட்டு அடுக்கி ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

அடுத்து விசிறி. பல பெட்டிகளில் கதவு திறந்ததும் விசிறி நின்றுவிடும். கதவு ஓரத்திலுள்ள சிறு பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேளுங்கள். கொம்பிறசர் ஓடிக்கொண்டிருக்கும்போது மெல்லிய காற்றொலி கேட்க வேண்டும். ஒன்றுமே கேட்கவில்லையானால் விசிறி நின்றிருக்கலாம். கடகடவென்று உரசும் சத்தம் கேட்டால் விசிறியின் இலை பனியில் முட்டுகின்றது என்று பொருள்.

பின்னர் பனி. மறைப்பைக் கழற்ற முன்னரே அதில் வெண்பனி பூத்திருப்பதும், மேலுள்ள துவாரங்களில் ஐஸ் தெரிவதும் அடைப்பின் அடையாளங்கள். இனிச் செய்ய வேண்டியது பொறுமையான வேலை. பிளக்கைக் கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பவற்றை ஐஸ் கட்டிகளுடன் றெஜிபோம் பெட்டியில் அடுக்குங்கள். இரண்டு கதவுகளையும் திறந்து, கீழே பழந்துணிகளைப் போட்டு, 24 மணித்தியாலம் விட்டுவிடுங்கள். மேசை விசிறி ஒன்றைக் கீழ்ப்பகுதியை நோக்கி வைத்தால் விரைவாக உருகும். கத்தியாலோ அலவாங்கு முனையாலோ பனியைக் கிளறவே வேண்டாம். அலுமினியக் குழாய் மெல்லியது. ஒரு கீறலோடு காஸ் முழுவதும் வெளியேறிவிடும். இல்லாத வருத்தத்தைத் தேடிக்கொண்டதாக முடியும். கொதிநீர் ஊற்றுவதும் அடுப்பைக் கிட்ட வைப்பதும் உள்ளிருக்கும் பிளாஸ்ரிக்கை வளைத்துவிடும்.

உருக்கியபின் பெட்டியைப் பூட்டி, திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மேலே நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு கிழமையில் மீண்டும் சூடானால் பனி உருக்கும் பகுதியில்தான் பழுது. உருக்கியும் மேலே குளிரவில்லையானால் விசிறியையோ, மேலே போகும் காற்றின் அளவை மாற்றும் சிறு கதவையோ பார்க்க வேண்டும். மேலும் கீழும் சேர்ந்தே குளிரவில்லையானால்தான் காஸ், கொம்பிறசர் என்ற பேச்சு. ஹீற்றரும் அதன் சுவிச்சும் 230 வோல்ற்றில் வேலை செய்பவை. ஈரம் உள்ள இடத்தில் இருப்பவை. அவற்றைச் சோதித்து மாற்றுவது தொழில் தெரிந்தவருடைய வேலை.

நிலத்தில் நீர்

குசினி நிலத்தில் காரணமின்றி நீர் தேங்குவதும், கீழ் இழுப்பறையின் அடியில் கண்ணாடித் தகடு போல ஐஸ் படிவதும் பெரும்பாலும் வடிகுழாய் அடைபட்டதன் அடையாளமாகும். மீன் செதில், கீரைத் துணுக்கு, அரிசிமணி எதுவும் அடைக்கப் போதும். பனியை உருக்கியபின் அடியில் உள்ள துவாரத்தைக் கண்டுபிடித்து, ஊசி கழற்றிய சிறிஞ்சினால் இளஞ்சூட்டு நீரை மெல்லச் செலுத்துங்கள். பின்னால் உள்ள தட்டில் நீர் விழும் ஓசை கேட்கும்வரை செய்ய வேண்டும். அந்தத் தட்டையும் கழுவுங்கள். பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறியார். நுளம்பு பெருகுவது அங்கேயும் நடக்கலாம்.

கதவு றப்பரும் இதில் பங்காளி. சரியாகப் பொருந்தாத றப்பரால் ஈரக்காற்று ஓயாது உள்ளே போகும். பனி இரட்டிப்பாகப் படியும். கடதாசித் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமின்றி வழுக்கி வந்தால் அந்த இடம் தளர்ந்துள்ளது. சவர்க்கார நீரில் துணியைத் தோய்த்துக் கழுவி, வளைந்த இடத்தில் சுடுநீரில் நனைத்த துணியை வைத்து நிமிர்த்தினால் பல றப்பர்கள் சீராகிவிடும். மண்ணெண்ணெய், பெற்றோல் ஆகியவற்றால் துடைக்கக் கூடாது. பெட்டியின் முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தி வைத்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கீழ் இழுப்பறையை அரைகுறையாகத் தள்ளிவிட்டு ஓடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது பெரிய உதவி.

மின்சாரம்

கொம்பிறசர் நின்ற உடனே மறுபடி இயங்க முடியாது. உள்ளே அழுத்தம் சமப்பட ஐந்து நிமிடம் வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் பிளக்கைக் கழற்றிவிட்டு, நிலையாக வந்து ஐந்து நிமிடத்தின் பின் பூட்டுவது நல்லது. மாலை ஏழு மணிக்கு மின்குமிழ் மங்கும் ஊர்களில், கொம்பிறசர் "ங்" என்று முனகி, "டிக்" என்று நின்று, சில நிமிடத்தில் மீண்டும் முனகுவதைக் கேட்கலாம். அது வோல்ற்று போதாமையின் குரல். அப்படியே விட்டால் சுற்று எரியும். ஸ்ரெபிலைசர் ஒன்று பூட்டுவது கொம்பிறசர் மாற்றுவதைவிட மலிவு. மெல்லிய எக்ஸ்ரென்சன் வயரில் பிறிஜ்ஜைப் பூட்டக் கூடாது. தொட்டால் விறுவிறுக்கும் பெட்டிக்குப் புவித்தொடுப்பு இல்லை; அதைப் பார்ப்பித்த பின்னரே மற்ற வேலை. பின்பக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எலி கடித்த வயரும், மின்பலகையில் ஒட்டிச் செத்த பல்லியும் நாம் கண்ட பழுதுகளிற் சாதாரணமானவை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் மேற்பகுதி நான்கு மணித்தியாலம்வரை தாங்கும். நிறைந்திருக்கும் ஐஸ் பகுதி ஒரு நாளுக்கு மேலேயும் தாங்கும். அரைவாசி வெறுமையானால் அவ்வளவு தாங்காது. வெறும் இடத்தை நீர் நிரப்பிய பிளாஸ்ரிக் போத்தல்களால் நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். போத்தலின் கழுத்துவரை நிரப்ப வேண்டாம், உறையும்போது வெடிக்கும்.

சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்ரமின் என்னும் நஞ்சு உண்டாகும். மணத்தில் அது தெரியாமலும் இருக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். மேற்தட்டில் சூடு கண்ட அன்று அங்கிருந்த இம்மீன்களைக் கறியாக்கித் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளுக்கு

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். சூட்டைப் போலவே உறைதலும் அதற்கு ஆகாது. உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நல்லதுபோல் இருந்தாலும் கழிக்கப்பட வேண்டியதே. கீழே ஐஸ் உள்ள பெட்டியில் மருந்தை எங்கே வைக்கிறோம் என்பது இதனால் முக்கியமாகின்றது. பின்சுவரின் துவாரங்களுக்கு நேரே வைத்தால் அங்கிருந்து வரும் காற்று உறையவைக்கும். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும். நடுத்தட்டின் முன்பாகத்தில், மூடியுள்ள சிறு டப்பாவில் வையுங்கள். வெப்பமானி ஒன்றை நீர் நிறைந்த கிளாசுக்குள் இட்டு அதே இடத்தில் ஓரிரவு வைத்துக் காலையில் பாருங்கள். 3 முதல் 5 பாகை காட்டினால் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சரி. கீழ்ப்பகுதி பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்க வேண்டும்.

மேற்பகுதி பழுதான நாட்களில் மருந்தைக் கீழ்ப்பகுதிக்கு மாற்றிய வீடுகளும் உண்டு. அது பெரும் தவறு. அயல்வீட்டுப் பிறிஜ்ஜில் வைக்கலாம். பாவனையில் உள்ள போத்தலைப் பொதுவாக நான்கு கிழமைவரை நிழலான, சூடு குறைந்த இடத்தில் வைத்துப் பாவிக்கலாம். கூட வரும் தாளில் எழுதியிருப்பதைப் பின்பற்றுக. பெரிய மண்பானைக்குள் ஈரமணல் இட்டு, அதற்குள் சிறிய பானையை வைத்து, மருந்தை நீர் புகாமல் கட்டி வைத்தால் வெளியைவிடச் சில பாகை குறைந்திருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகள்

பெட்டியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் N, ST, T என்று ஓர் எழுத்து இருக்கும். N என்றால் 16 முதல் 32 பாகைவரை உள்ள அறைக்கு அமைத்தது; ST 38 வரை; T 43 வரை. கிளிநொச்சியின் சித்திரை, வைகாசி வெயிலில் N பெட்டி ஓயாது ஓடியும் திணறும். அதைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடுப்புக்கும் யன்னல் வெயிலுக்கும் தூரமாக வைக்க வேண்டும். இதற்கு எதிர்மாறானது நுவரெலியா. தை மாத இரவுக் குளிரில் மேற்பகுதி தானாகவே குளிர்ந்திருப்பதால், ஒரே ஒரு தேர்மோஸ்ராற் உள்ள பெட்டியில் கொம்பிறசர் ஓடவே மாட்டாது. கீழே ஐஸ் இளகத் தொடங்கும். அது பழுதன்று; பெட்டியைச் சற்று வெதுவெதுப்பான அறைக்கு மாற்றினால் போதும். கனடாவிலிருந்து வரும் பெட்டி 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸுக்கு உரியது. அதை இங்கே பூட்டுவதைப் பற்றி யோசிக்காமல் விடுவதே நலம்.

எண் பொறித்த திருகைப் பற்றி ஒரு வார்த்தை. 7 என்பது கூடிய குளிர். வெயிலென்று 7இல் விட்டால் மரக்கறி உறையும், அலகு ஏறும். 250 முதல் 300 லீற்றர் பெட்டிக்கு நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை அலகு சாதாரணம். சந்தேகமிருந்தால் இரவு பத்து மணிக்கு மற்றெல்லாவற்றையும் நிற்பாட்டி மீற்றரைக் குறித்து, விடிய ஐந்து மணிக்கு மறுபடி பாருங்கள். அரை அலகுக்கு மேல் போயிருந்தால் றப்பரையும் பனியையும் சோதிக்க வேண்டும்.

திருத்துநரிடம் போகும்போது

காஸ் என்பது எண்ணெய் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை உண்டு. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைவாளியில் நீர் அள்ளுவதுபோலத்தான். "எங்கே லீக்? அதை அடைத்தீர்களா? தராசில் நிறுத்தா நிரப்பினீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். தகட்டில் R600a என்று இருந்தால் அது தீப்பற்றும் வாயு. சில பத்துக் கிராம் மட்டுமே தேவை. அதைத் திறந்து வேலை செய்யும் இடத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. வேறு காஸை அதற்குள் மாற்றி நிரப்பவும் கூடாது. ஏற்றிச்செல்லும்போது பெட்டி நிமிர்ந்தே இருக்கட்டும். படுக்க வைக்க நேர்ந்தால், கொண்டுவந்த பின் சில மணித்தியாலம் நிமிர்த்தி வைத்துவிட்டே பூட்டுங்கள்.

யோகட் செய்யும் அந்தச் சகோதரி மூன்றாம் தடவை பெட்டியை ஏற்றவில்லை. நாட்காட்டியில் குறித்துவைத்த திகதிகளைக் காட்டி, பக்கத்து ஊரிலுள்ள ஒரு திருத்துநரை வீட்டுக்கு அழைத்தார். மறைப்பைக் கழற்றியபோது சுருள் முழுவதும் வெள்ளைச் சுவராக இறுகியிருந்தது. ஹீற்றர் நடுவில் கறுத்து அறுந்திருந்தது. புது ஹீற்றர் கிடைக்க மூன்று கிழமை சென்றது. அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் யோகட்டை விற்று முடித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்து வைத்து, ஞாயிறு பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரம் கழித்துப் பூட்டுவார். அந்த மூன்று கிழமையும் மாமியாரின் மருந்து அயல்வீட்டில் இருந்தது. யோகட் ஒரு கப்பும் பழுதாகவில்லை.